மரண தண்டனை: தீர்ப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது?

புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் ட்ரயல் அட் பார் (மூன்று நீதிபதிகள் ஜூரி இல்லாமல் விசாரிக்கும் விசேட நீதிமன்றம்) ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தபோது, ‘எப்ப தூக்குவினம்?’ என்றுதான் ஊரில் கேட்டார்கள். இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூனில். அதன் பிறகு தீர்ப்புகள் வருகின்றன, எதுவும் நிறைவேறுவதில்லை. 2019இல் நான்கு கைதிகளைத் தூக்கிலிட அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையெழுத்திட்டதையும் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது.

தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவுப்படி கொலைக்கு மரண தண்டனை. 18 வயதுக்குக் குறைந்தவருக்கும் கர்ப்பிணிக்கும் விதிக்க முடியாது. ஒருவரைக் கொன்றாலும் நூறு பேரைக் கொன்றாலும் அதே பிரிவுதான். இனப்படுகொலையை நம் சட்டம் தனிக் குற்றமாக எழுதி வைக்கவில்லை. ஆளைக் காணாமல் ஆக்கினால், 2018இன் 5ஆம் இலக்கச் சட்டப்படி கூடியது 20 ஆண்டுச் சிறை. பதவியில் இருக்கும் ஜனாதிபதி மீது குற்ற வழக்கே போட முடியாது, இறங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

சரி, கொடுங்கோலர்களைத் தூக்கில் போடுவதுதானே நியாயம்? நாஜித் தலைவர்களை நியூரம்பேர்க்கில் 1946இல் போட்டார்கள். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் இன்று மரண தண்டனையே கிடையாது, ஆயுள் சிறைதான் உச்சம். (இலங்கை அதில் சேரவில்லை.) சதாம் ஹுசைனை 2006 டிசம்பரில் தூக்கிலிட்டது துஜைல் ஊரில் 148 பேரைக் கொன்றதற்காக. குர்து மக்களைக் கொன்று குவித்த அன்பால் வழக்கு அப்போது பாதியில் நின்றது. அந்த மக்களுக்கு அவர் பதில் சொல்லாமலே போய்விட்டார்.

நமக்கு இது யாழ்ப்பாணத்துக்கு அருகே செம்மணியில் தெரிந்த விஷயம். 1998 ஜூலையில் மரண தண்டனை பெற்ற இராணுவ வீரர் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாகக் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு தோண்டி 15 உடல்களை எடுத்தார்கள். தண்டனை பெற்றவனின் வாயிலிருந்துதான் அந்த இடமே வெளியே வந்தது. உயிரோடு சிறையில் வைத்து, மேலிடத்தில் யார் உத்தரவிட்டார் என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் சிறையில் வைத்திருக்க வேண்டுமே! அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை மன்னிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியிடம் கொடுக்கிறது. மரண தண்டனைக் கைதி என்றால் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை எல்லாம் அவரிடம் போக வேண்டும். மிருசுவிலில் 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்த இடத்திலிருந்து வீடு பார்க்கப் போன எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் அதில் ஒன்று. அதற்காக இராணுவ வீரர் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவரை மன்னித்து வெளியே விட்டார்.

மன்னிப்புத்தான் முடிந்த முடிவு என்றில்லை. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்கும், றோயல் பார்க் குடியிருப்பில் நடந்த கொலையின் கைதிக்கும் கொடுத்த மன்னிப்புகளை உயர் நீதிமன்றம் 2024இல் ரத்துச் செய்தது. இரண்டுமே அடிப்படை உரிமை மனுக்கள், அதாவது அரசியலமைப்பு தரும் உரிமையை அரசு மீறியது என்று போடும் மனுக்கள். அந்த மனுவை 126ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். இந்தக் கெடுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம்; கொடுத்த திகதி பதிந்த பிரதி ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.