முதுகுவலி மாத்திரையும் அயோர்ட்டா அறுவை சிகிச்சையும்

வயிற்றுக்குள் அயோர்ட்டா (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி) வீங்கியவருக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போது, வீட்டார் முதலில் கேட்பது, "இதயம் தாங்குமா டாக்டர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் மயக்க மருத்துவராக நான் முதலில் தேடுவது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டை.

அயோர்ட்டா மார்பைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கியதும், சில அங்குலத்துக்குள் நான்கு முக்கியக் கிளைகள் பிரிகின்றன. ஈரல், இரைப்பை, மண்ணீரலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று, சிறுநீரகங்களுக்கு இரண்டு. வீக்கம் இந்த இடத்தில் இருந்தால், மேலே ரத்தத்தை நிறுத்தும் இடுக்கியை (கிளாம்ப்) போட்டு, அயோர்ட்டாவைத் திறந்து, செயற்கைக் குழாயைத் தைக்க வேண்டும். அதுவரை இந்த உறுப்புகளுக்கு வழக்கமான ரத்தம் கிடையாது. இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிப் பழகிய சிறுநீரகத்துக்கு இது பெரிய அடி. உடல் சூட்டிலேயே அரை மணி நேரத்துக்கு மேல் போனால் பாதிப்புக்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

அதனால் அதைக் குளிர வைக்கிறோம். சிறுநீரகத் தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு, சுமார் 4 டிகிரி குளிர்ச்சியில் திரவத்தைச் செலுத்துவோம். குளிர்ந்த உறுப்புக்கு ஆக்சிஜன் தேவை குறைவு. ஈரலுக்கும் குடலுக்கும் பம்ப் மூலம் ரத்தம் போகும். சர்ஜன் ஒவ்வொரு கிளையாகத் தைத்துத் திறந்துவிட, நான் லாக்டேட்டையும் (உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) குழாய் வழியாகச் சிறுநீர் வந்து சேரும் பையையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு செய்தும் ஒருவருக்குச் சில நாள் டயாலிசிஸ் தேவைப்பட்டது. அறுபதைத் தாண்டியவர், பல வருடமாகப் பீடி பிடித்தவர். ஆறு மாத முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறார். வலிக்குக் காரணமே அந்த வீக்கம்தான். மாத்திரை சிறுநீரகத்தைத் தளர வைத்திருந்தது. வலி இருந்தால் வீக்கம் வெடிக்கும் அபாயம் அதிகம், தள்ளிப்போடவும் வழியில்லை. நல்லவேளை, சிறுநீரகம் மீண்டது. ஆறு மாதம் முன்பே ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்திருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

முதுகுவலி எல்லாம் அயோர்ட்டா வீக்கம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் 65 வயதைத் தாண்டிய, எப்போதாவது புகைபிடித்த ஆண்கள் ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அறுவைக்கு முன், கடையில் நீங்களாக வாங்கிய மாத்திரை உட்பட எதையும் எங்களிடம் மறைக்காதீர்கள்.

அப்புறம், வார்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம். வயிறு உப்பினாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, அது பெருங்குடலுக்கு ரத்தம் போதாததன் அறிகுறியாக இருக்கலாம். "மருந்து ஒத்துக்கல போல" என்று துணியை மாற்றிவிட்டுச் சும்மா இருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இரவு இரண்டு மணியானாலும் நர்ஸை எழுப்பிச் சொல்லுங்கள். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம்.