“தாகமே எடுக்கலையே, மிஸ்ஸி”

சிங்கப்பூரில் மூத்தோரை வீட்டுக்கே போய்ப் பார்த்துவரும் தாதி நான். ஏப்ரல், மே வந்துவிட்டால் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் தேடுவது தண்ணீர்ப் போத்தலைத்தான்.

ஈசூனில் ஒரு பாட்டி வீடு. பகல் இரண்டு மணி. மகன் காலையில் நிரப்பி வைத்துவிட்டுப் போன ஒரு லிட்டர் போத்தல், கழுத்துவரை அப்படியே இருந்தது. உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன், மேல் அளவு 134. எழுந்து நிற்கவைத்துப் பார்த்தால் 106. நாற்காலியை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“தலை சுத்துதா பாட்டி?”

“எப்பவும் இப்படித்தான் மிஸ்ஸி. வயசாச்சுல்ல?”

எழுந்ததும் 20 குறைந்தாலே நாங்கள் கவனிப்போம். இது 28. வயது ஒரு பங்கு, சிறுநீரை அதிகம் போகவைக்க அவர் போடும் நீர் மாத்திரை ஒரு பங்கு, அந்தப் போத்தல் ஒரு பங்கு. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், தாகமே எடுக்கவில்லையாம். உண்மைதான். வயது ஏற ஏற, உடலில் நீர் குறைந்தாலும் தாகம் மெதுவாகத்தான் தெரியும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் தப்பிவிடும்.

கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தேன். அப்புறம்தான் அடுத்த காரணம் வந்தது. குடித்தால் கழிவறைக்குப் போகவேண்டும், முட்டி வலி. கடைசியாகப் போத்தலைக் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். மூடியைத் திருக முடியவில்லை. விரல் மூட்டெல்லாம் வீக்கம். மகனிடம் சொல்லக் கூச்சம்.

மூடியில்லாத கூஜாவும் சின்ன டம்ளரும் போதும். காலையிலிருந்து மாலை ஐந்து மணிக்குள் பெரும்பங்கைக் குடித்துவிட்டால், ராத்திரி இருட்டில் எழுந்து நடப்பது குறையும். வீட்டில் மூத்தோர் விழும் கதைகள் பாதி அந்த நடையில்தான் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கோப்பி, தேநீர், ரசம், மோர் எல்லாமே கணக்கில் சேரும். ஆனால் இதயப் பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருந்து, மருத்துவர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் கிளினிக்குக்குப் போன் செய்து கேளுங்கள்.

சூட்டுக்கு இளநீர் என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குழப்பிவிடும்.

2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. அதற்கு முன் 1983 ஏப்ரலில்தான் சிங்கப்பூரில் அவ்வளவு சூடு. ஆனால் டிகிரியை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்க்கும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதையும் சேர்த்துக் கணக்கிட்ட வெப்ப அழுத்த நிலையைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ‘மைஎன்வி’ செயலியில் பார்க்கலாம். 33 அல்லது அதற்கு மேல் என்றால் ‘அதிகம்’. அந்த நேரத்தில் ஈரச்சந்தை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

பங்குனி உத்திரமும் இந்த வெயிலில்தான் வருகிறது. ஈசூன் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு வெறுங்காலோடு நடக்கும் மூத்தோரில் பலருக்குச் சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போனவருக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். விரதமும் சேர்ந்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டு மயங்கி விழும் ஆபத்து. விரதம் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்கள். ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் மாத்திரை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

வெயிலில் போய்வந்த பெரியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், பேச்சு குழறினால், உடம்பு அனலாகக் கொதித்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள். உதவி வரும்வரை சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறியைத் திருப்பி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றவேண்டாம்.