11வது நிமிஷத்துல டியூபைச் சாய்க்கிற டைப்பா நீங்க?

போன வாரம் ஆஸ்பத்திரியில எனக்கு நைட் டியூட்டி. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போனவர், கால்ல பாம்பு கடிச்சு, கணுக்கால் லேசா வீங்கி, ராத்திரி பத்தரைக்கு வந்து சேர்ந்தாரு. கயிறு இறுக்கிக் கட்டித்தான் வந்தாரு, அதுக்கு இன்னொரு நாள் தனியா திட்டுறேன். விஷம் ரத்தத்தை உறைய விடாம பண்ணுதான்னு பாக்குற டெஸ்ட்டுக்கு 2 மில்லி ரத்தம் எடுத்து கண்ணாடி டியூப்ல விட்டு, டேபிள் மேல நிறுத்தி வெச்சுட்டு, போஸ்டிங்ல இருந்த மூணாம் வருஷ நர்சிங் பொண்ணுகிட்ட "20 நிமிஷம், தொடாத, பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு பக்கத்து பெட்டுக்கு ட்ரிப் மாத்தப் போனேன். திரும்பி வந்தா டியூப் அந்தப் பொண்ணு கையில இருக்கு, சாய்ச்சு லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாத்துட்டு நிக்குது. மணி பாத்தேன், 11 நிமிஷம் ஆயிருந்துச்சு. "சிஸ்டர், உறையவே இல்ல, ஏஎஸ்வி எடுத்து வெக்கட்டுமா"ன்னு கேக்குது, முகத்துல அவ்ளோ பெருமை. ஏஎஸ்வின்னா பாம்பு விஷமுறிவு மருந்து.

11 நிமிஷத்துல உறையலன்னா அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. புது டியூப், அந்த மனுஷனுக்கு மறுபடி ஒரு ஊசி, மறுபடி 20 நிமிஷம். இந்தத் தடவை யாரும் தொடல, உறைஞ்சிருந்துச்சு. 6 மணி நேரம் கழிச்சு பாத்தப்பவும் உறைஞ்சிருந்துச்சு. அந்தப் பொண்ணு சொன்னதை நம்பி நான் டாக்டரை எழுப்பி இருந்தா தேவையே இல்லாம 10 குப்பி ஏஎஸ்வி ஏறி இருக்கும், அதுக்கு ரியாக்‌ஷன் வந்துச்சுன்னா பாம்பை விட மருந்து படுத்துற பாட்டைத்தான் விடிய விடியப் பாத்துட்டு இருந்திருப்போம்.

சரி, அவசரம், தெரியாம பண்ணிட்டா, விடலாம். நான் விடாததுக்குக் காரணம் அது சொன்ன பதில். "சிஸ்டர், நான் ஹேண்ட்ஸ் ஆன் லேர்னர், கையில எடுத்துப் பாத்தாதான் எனக்கு ஏறும்."

இந்த வருஷம் இதை எத்தனை தடவை கேட்டுட்டேன்னு கணக்கே இல்ல. காலேஜ்ல இப்போ "என்னோட கற்றல் முறை, வேலை செய்யிற முறை"ன்னு ஒரு அசைன்மென்ட் குடுக்குறாங்க. நல்ல விஷயம்தான், எங்க காலத்துல எங்களை யாரும் நீ எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டதே இல்ல. ஆனா வார்டுல கையெழுத்து வாங்க வர்ற நோட்டைப் பிரிச்சா முக்கால்வாசி பேர் ஒரே பாராவை எழுதி இருக்காங்க. "நான் ஒரு விஷுவல் லேர்னர். படங்கள், வண்ணங்கள் மூலம் எளிதில் கற்கிறேன்." அதே கமா, அதே எழுத்துப்பிழை. உங்களைப் பத்தி எழுதச் சொன்னதையே பாத்து எழுதுனா எப்படிம்மா?

இந்த விஷுவல், ஆடிட்டரி, படிக்கிறது எழுதுறது, கையால செய்யிறதுன்னு நாலு பிரிவு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா, நியூசிலாந்துக்காரர் நீல் ஃப்ளெமிங் கொண்டு வந்த வார்க்ங்கிற கேள்வித்தாள், 1992ல கட்டுரையா வந்துச்சு. உனக்கு எப்படிச் சொன்னா பிடிக்கும்னு கேக்குற கேள்விகள் அது. உனக்கு எது வரும், எது வராதுன்னு அளக்குற மீட்டர் இல்ல. அப்புறம் 2008ல பாஷ்லர்னு ஒருத்தர் கூட இன்னும் மூணு மனவியல் ஆராய்ச்சியாளர்கள் சேந்து, இப்படிப் பிரிச்சு ஆளுக்கு ஏத்த மாதிரி சொல்லிக் குடுத்தா நல்லா ஏறுதான்னு அதுவரைக்கும் வந்த ஆய்வையெல்லாம் அலசிப் பாத்துட்டு, அப்படி ஏறுதுன்னு நம்புறதுக்குப் போதுமான ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் எத்தனை வருஷம் ஆச்சு, நம்ம ஊர்ல இன்னும் ஜாதகம் மாதிரி நம்பிட்டு இருக்கோம். மூலம், ஆயில்யம் மாதிரி நான் விஷுவல், அவ ஆடிட்டரி.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வீசிங் சத்தத்தை கலர் பென்சில்ல வரைஞ்சு கத்துக்க முடியுமா? ஸ்டெத் வெச்சு பத்து பேரோட நெஞ்சைக் கேட்டாதான் வரும், நீங்க எந்த டைப்பா இருந்தாலும் சரி. உதடு நீலம் பூக்குறதை யாராவது சொல்லிக் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியுமா, கண்ணால பாக்கணும். வெயின் எங்க இருக்குன்னு விரல் சொல்லும். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்துல, ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழுற செட்ல ஏத்தணும்னா நிமிஷத்துக்கு 42 சொட்டுன்னு பேப்பர்ல போட்டுத்தான் ஆகணும், நான் கணக்கு டைப் இல்ல சிஸ்டர்னு சொன்னா சலைன் உங்களுக்காக மெதுவா இறங்காது. எதை எப்படிக் கத்துக்கணும்னு அந்த வேலைதான் முடிவு பண்ணும்.

டியூப் விஷயத்துலயும் கை வெக்கிறதுக்கு இடம் இருக்கு. பிளாஸ்டிக் கூடாது, கண்ணாடியா இருக்கணும், சோப்புப் போட்டுக் கழுவுன பழைய டியூப் கூடாது, புதுசா காஞ்சதா இருக்கணும், இதெல்லாம் கையால செஞ்சு பழகலாம். ஆனா அந்த 20 நிமிஷம் கையைக் கட்டிட்டு இருக்கிறதுதான் டெஸ்ட்டே.

என் கதையையும் சொல்லிடுறேன், இல்லன்னா சிஸ்டர் ரொம்ப பேசுறாங்கன்னு நினைப்பீங்க. ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ படிக்கிறப்போ நான் நாலு கலர் பேனா பார்ட்டி. நோட்டு கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும், பரிட்சைக்கு முன்னாடி ஏழு தடவை படிப்பேன், எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும், ரெண்டு வாரம் கழிச்சு வார்டுல கேட்டா வாய் திறக்காது. ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது இதை 2006லயே ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேர் செஞ்சு பாத்துட்டாங்கன்னு. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்க 5 நிமிஷம் கழிச்சு வெச்ச டெஸ்ட்ல முந்துனாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு வெச்சப்போ, படிச்சுட்டு மூடி வெச்சு எழுதிப் பாத்தவங்கதான் முந்துனாங்க. என் கலர் பேனா எல்லாம் அந்த 5 நிமிஷத்துக்குத்தான் ஆச்சு.

அது கூட பரவாயில்ல, மார்க்கோட போச்சு. இன்னொண்ணு இருக்கு. நான் அப்போ அமைதியான டைப். அதை நல்ல குணம்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் நம்புனேன். பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா, விடிகாலையில வயித்து வலின்னு வந்தாங்க, கடிச்ச அடையாளம் எதுவும் இல்ல, ராத்திரி தரையில பாய் போட்டுப் படுத்திருந்தாங்கன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன். அவங்க கண் இமை பாதி இறங்கி இருந்துச்சு. பாத்தேன். ராத்திரி பூரா தூங்கலையே, சொக்குது போலன்னு நினைச்சேன். இல்ல, அப்படிக் கூட முழுசா நினைக்கல, என்னமோ சரியில்லன்னு தோணுச்சு, ஆனா இன்சார்ஜ் சிஸ்டர் கேஸ் ஷீட் எழுதிட்டு இருந்தாங்க, நாம போய் எதையாவது உளறி எல்லார் முன்னாடியும் வாங்கிக் கட்டிக்கணுமான்னு பேசாம நின்னுட்டேன். அரை மணி நேரம் இருக்கும். இன்சார்ஜ் சிஸ்டர் பேனாவை வெச்சுட்டு எழுந்து வந்து, "மேல பாரும்மா"ன்னு சொன்னாங்க. இமை தூக்கவே முடியல. கட்டுவிரியன் கடி. அதுக்கப்புறம் எல்லாரும் ஓடுனோம், தொண்டையில டியூப் போட்டு மூச்சு குடுத்து, அந்த அக்கா பொழச்சு வீட்டுக்குப் போனாங்க.

"நீ எப்போ பாத்த?"ன்னு சிஸ்டர் கேட்டாங்க. பொய் சொன்னேன். இப்போதான்னு சொன்னேன்.

அதனாலதான் "நான் அந்த டைப்"னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது. உங்க டைப் என்னன்னு கண்டுபிடிக்கிறது, அது எந்த இடத்துல பேஷண்டைக் கடிக்கும்னு தெரிஞ்சு வெச்சுக்கத்தான். லீவ் லெட்டர் மாதிரி நீட்டுறதுக்கு இல்ல.

வேகமா வேலை செய்யிறவங்களா? சந்தோஷம், பெட் மேக்கிங், பிபி, டெம்பரேச்சர் எல்லாம் பறங்க. இன்சுலின் கிட்ட நில்லுங்க. சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்ச்ல இழுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போகும். மருந்துக் குப்பி மேல என்ன போட்டிருக்குன்னு வாய்விட்டுப் படிங்க, பக்கத்துல இருக்குறவங்களும் படிக்கணும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலைக் கையில எடுத்தா தனியா நிக்காதீங்க, அது நேரா வெயின்ல போடுற மருந்தே இல்ல.

அமைதியானவங்களா, தங்கச்சி, தயவுசெஞ்சு ஒரே ஒரு வாக்கியம் மட்டும் பழகிக்கோங்க. எந்த பெட், என்ன பாத்தீங்க, யார் வந்து பாக்கணும். "ஏழாவது பெட் அக்காவுக்கு இமை இறங்குது சிஸ்டர், வந்து பாருங்க." அவ்ளோதான். பேஷண்ட் நிலைமையை வரிசையா எடுத்துச் சொல்றதுக்கு எஸ்பார்னு ஒண்ணு காலேஜ்ல பெருசா சொல்லிக் குடுப்பாங்க, அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்ல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்த முறை, நல்ல முறை. அது முழுசா ஞாபகம் வரலன்னாலும் இந்த ஒரு வாக்கியம் போதும். தப்பா இருந்தா திட்டுவோம், திட்டு வாங்குனா சாக மாட்டீங்க.

மனப்பாடம் பண்றவங்க புக்கை மூடிட்டு பக்கத்து பெட் ஃப்ரெண்டுக்கு சொல்லிப் பாருங்க, எங்க திக்குதோ அதுதான் உங்களுக்குத் தெரியாத இடம். டவுட்டை சிஸ்டர்கிட்ட கேக்காம வாட்ஸ்ஆப் குரூப்ல கேக்குறவங்க, உங்களை ஒண்ணும் சொல்றதுக்கில்ல, போன் வாங்கி டிராயர்ல வெப்பேன்.

அப்புறம் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போஸ்டிங் போறவங்க எனக்கு லாங்குவேஜ் வராதுன்னு ஒதுங்கி நிக்காதீங்க. வலிக்குக் கன்னடத்துல நோவு, தெலுங்குல நொப்பி. இந்த ரெண்டு வார்த்தையும் வயித்தைக் காட்டுற ஒரு விரலும் இருந்தா பாதி ஹிஸ்டரி வந்துரும். கத்துக்கிட்டது பூரா பாட்டிங்ககிட்டதான், எந்த புக்லயும் இல்ல.

அந்தப் பொண்ணு நேத்து மறுபடி டியூட்டிக்கு வந்துச்சு. இன்னொரு பாம்புக் கடி கேஸ். நான் ஒண்ணும் சொல்லல, அதுவே போன்ல டைமர் வெச்சு, ஸ்டூலைப் போட்டு, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுட்டு டியூபுக்கு எதிர்ல உக்காந்துச்சு. விடியக்காலையில அசைன்மென்ட் நோட்டை நீட்டுச்சு. விஷுவல் லேர்னர் பக்கத்தைக் கிழிச்சுட்டு புதுசா எழுதி இருக்கு. "எனக்குப் பொறுமை கிடையாது. டைமர் வெச்சாலும் 15வது நிமிஷத்துல கை அரிக்குது. அதனால கை மேல உக்காந்துக்கிறேன்."

நாலு எழுத்துப்பிழை இருந்துச்சு. எல்லாம் சொந்தப் பிழை. கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.