சொத்தவிளையில் தோண்டினால் வெந்நீர் வருமா?

மைத்துனன் நியூசிலாந்தில் இருக்கிறான். அங்கே கோரமண்டல் பக்கம் 'ஹாட் வாட்டர் பீச்' என்று ஒரு கடற்கரை. போன மாதம் குடும்பத்தோடு போய், மண்வெட்டியால் மணலைத் தோண்டி, ஊறிய வெந்நீரில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டு வீடியோ அனுப்பியிருந்தான். பின்னால் அலை அடிக்கிறது, இவன் குழியில் ஆவி பறக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து என் மகளுக்கு அதே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துச் சொத்தவிளைக் கடற்கரைக்குப் போனோம், வண்டியை விட்டு இறங்கியதும் கையில் சிரட்டையோடு ஓடிவிட்டாள்.

"அப்பா, இங்க தோண்டுனா வெந்நி வருமா?"

வராது. ஆனால் நம் காலுக்குக் கீழே சூடு இல்லை என்று நினைக்க வேண்டாம்.

மூன்று மணி வெயில், மேல் மணலில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. ஒரு சாண் தோண்டினால் சில்லென்று இருக்கிறது. மணல் வெப்பத்தை அவ்வளவு மெதுவாகத்தான் கீழே கடத்தும், பகல் சூடு உள்ளே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்தச் சூடு சூரியனுடையது. பூமியின் சொந்தச் சூடு தொடங்குவது அதற்கும் வெகு கீழே. உலகத்தின் பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 டிகிரி கூடும். தென்னிந்தியா மிகப் பழைய பாறை என்பதால் இங்கே கொஞ்சம் குறைவு. அப்படியும் கோலார் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்குக் கீழே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. குளிக்க அது தாராளம். மேலே வர வழிதான் இல்லை.

எங்கள் மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. காலையில் குழாயை நூல் மாதிரி திறந்தால் எவ்வளவு நேரம் நின்றாலும் வெதுவெதுப்புக்கு மேல் வராது, வழியிலேயே குழாய் சூட்டைக் குடித்துவிடும். முழுசாகத் திறந்தால்தான் சூடு கைக்கு வரும். வெந்நீர் ஊற்றின் சூட்சுமமும் இதேதான். மழைத் தண்ணீர் வெடிப்பு வழியாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் இறங்க வேண்டும், அங்கே வெகு காலம் கிடந்து சூடாக வேண்டும், அப்புறம் ஆற நேரமில்லாத வேகத்தில் மேலே வர அகலமான இன்னொரு பிளவு வேண்டும். இறங்கு வழியும் ஏறு வழியும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

எரிமலை இருந்தால் வேலை சுலபம். மைத்துனன் போன இடம் அந்த வகை: எரிமலை அடங்கிப் பல லட்சம் ஆண்டுகள் ஆகியும் அடிப்பாறை இன்னும் முழுசாக ஆறவில்லை. ஊற்றில் 64 டிகிரி வரை சூடு போகும், கால் வைத்தால் சில நொடியில் வெந்துவிடும். ஊற்றுக்கண் இருக்கும் இடத்தைக் கடல் மூடிவிடுவதால், வற்றத்துக்கு, அதாவது கடல் மட்டம் இறங்கி நிற்கும் நேரத்துக்கு, முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம்தான் தோண்ட முடியும். ஊற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தோண்டி, கடல் தண்ணீரைக் கலந்து பதமாக்கிக்கொண்டு உட்காருவார்களாம். நம் வீட்டில் வெந்நீர் விளாவுகிற அதே கணக்கு.

எரிமலை இல்லாமலும் நடக்கும். கொங்கண் கரையை ஒட்டி ரத்னகிரி பக்கம் வரிசையாக வெந்நீர் ஊற்றுகள் உண்டு, சிலவற்றில் 70 டிகிரி வரை கொதிப்பு. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா என்ற இடத்தில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இலங்கையின் பழம்பாறைகளும் நம் மாவட்டத்துப் பாறைகளும் தென்கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்ட்வானா காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த உறவுக்காரர்கள். அங்கே ஆழமான பிளவு அமைந்தது. நமக்கு அமையவில்லை, அவ்வளவுதான்.

அம்மா சும்மா இருக்கவில்லை. "மணவாளக்குறிச்சி மணல்ல தோரியம் இருக்கின்னு சொல்லுவாவளே, அது சூடு தராதா?" நல்ல கேள்வி. பூமியின் உள்சூட்டில் ஏறக்குறைய பாதி, தோரியம், யுரேனியம், பொட்டாசியம் கதிரியக்கத்தால் சிதைவதால் வருவதுதான். ஆனால் தோரியம் பாதியாகக் குறையவே 1,400 கோடி ஆண்டு ஆகும், அத்தனை நிதானம். ஒரு கிலோ சுத்தத் தோரியம் தரும் வெப்பம், ஒரு வாட்டை நாற்பதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூடத் தேறுமோ தேறாதோ என்கிற அளவு. பத்து வாட் பல்பு அளவு சூட்டுக்கே கிட்டத்தட்ட 400 டன் வேண்டும். பூமிக்குள்ளே கிலோமீட்டர் கணக்கில் பாறை போர்வை மாதிரி மூடியிருப்பதால் அந்தத் துளிச்சூடு சேர்ந்து தங்குகிறது, கடற்கரை மணலில் காற்று கொண்டுபோய்விடும்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் குழி முட்டளவு ஆகியிருந்தது. அடியில் தண்ணீர் மெல்ல ஊறத் தொடங்கியது. சிரட்டையைப் போட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

"பச்சத்தண்ணிப்பா."