ஆட்படுதன்மை: ‘சஸெப்டிபிலிட்டி’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அம்மாவின் சளிப் பரிசோதனை அறிக்கையை எடுத்து வந்து நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “மருந்துப் பெயருக்கு நேரே ‘சஸெப்டிபிள்’ என்று போட்டிருக்கிறது. இது நல்லதா, கெட்டதா?” காசநோய் மருந்துகளான ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் இரண்டுக்கும் எதிரே அந்தச் சொல்தான் இருந்தது. முந்தின இரவு அகராதியில் தேடி, ‘எளிதில் பாதிக்கப்படக்கூடிய’ என்ற பொருளைப் பார்த்துவிட்டு அவர் தூங்கவே இல்லையாம். பாதிக்கப்படப்போவது கிருமி, மருந்து நன்றாக வேலை செய்யும் என்று விளக்கிய பிறகுதான் உட்கார்ந்தார்.

அதே சொல்தான் காசநோய் மரபியல் கட்டுரைகளில் மனிதரைப் பற்றியும் வருகிறது. இன்ன மரபணு வேறுபாடு உடையவருக்குச் ‘சஸெப்டிபிலிட்டி’ கூடுதல் என்று எழுதுகிறார்கள். அங்கே அது கெட்ட செய்தி. இதற்கு நிலையான தமிழ்ச்சொல் இல்லாததால் ஆளுக்கொரு விதமாக எழுதிக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

மூலம் இலத்தீன். ‘சுஸ்கிப்பெரே’ என்ற வினையில் ‘சுப்’ என்றால் கீழே, ‘காப்பெரே’ என்றால் பிடி, எடு. கீழே கைகொடுத்துத் தூக்கிக்கொள்வது, நம் சொல்லில் ஏந்துவது. பிறந்த குழந்தையைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்வதையும் ரோமானியர்கள் இந்த வினையாலேயே குறித்தார்கள். அன்போடு தொடங்கிய சொல், பின்னால் எதையும் உள்வாங்கக்கூடிய இயல்பு என்று விரிந்து, நோயையும் உள்வாங்குவது என்றாகி மருத்துவத்துக்குள் வந்தது.

இயற்பியல் பாடநூல்களில் உள்ள ‘காந்த ஏற்புத்திறன்’ வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமானது. அங்கே அது பொருந்துகிறது. ஆனால் ‘காசநோய் ஏற்புத்திறன்’ என்று எழுதிப் பாருங்கள். திறன் என்பது நாம் விரும்பி வளர்த்துக்கொள்வது. நோய்வாய்ப்படுவதை எந்தத் தமிழரும் திறன் என்று சொல்லமாட்டார்.

செய்திகளில் அதிகம் வருவது ‘எளிதில் தொற்றும் தன்மை’. இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. காசநோயில் தொற்று வேறு, நோய் வேறு. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்த அந்தக் கிருமி, இன்று உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைத் தொற்றியிருக்கிறது என்பது மதிப்பீடு. அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் 5 முதல் 10 விழுக்காடுதான். மற்றவர்களுக்குள் கிருமி அடங்கிக் கிடக்கும், அல்லது அழிந்தே போயிருக்கும். மரபியலார் முக்கியமாகக் கேட்கும் கேள்வி, கிருமி உள்ளே நுழைந்த பிறகு யார் நோய்க்கு விழுகிறார், யார் தாங்குகிறார் என்பது. ‘தொற்றும் தன்மை’ என்று எழுதினால் கேள்வியே மாறிவிடுகிறது.

ஜெர்மனியின் லூபெக் நகரில் 1930-இல் நடந்த கொடுமையை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. வீரியம் குறைத்த உயிர்க்கிருமியால் ஆன பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பு மருந்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது தெரியாமல், 250-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கு அதை வாய்வழியே புகட்டிவிட்டார்கள். 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. பலர் நோயுற்றுத் தேறினார்கள். பெரும்பான்மையினர் பிழைத்தார்கள். உள்ளே போன கிருமியின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது உண்மைதான். ஆனாலும் உடலுக்கு உடல் தாங்கும் ஆற்றல் வேறுபடுகிறது என்பதை இதைவிடத் துயரமாக யாரும் காட்டியிருக்க முடியாது. இரட்டையர் ஆய்வுகளும் இதையே சொல்லின. ஒருவருக்குக் காசநோய் வந்தால் மற்றவருக்கும் வருவது, இருகரு இரட்டையரைவிட ஒருகரு இரட்டையரிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இனி ‘மரபணு வேறுபாடு’ என்ற பாதிக்கு வருவோம். ஆங்கிலக் கட்டுரைகளில் இதற்கு வரும் ‘பாலிமார்பிசம்’ கிரேக்கச் சொல்: ‘பாலி’ பல, ‘மார்பே’ உரு. ‘பல்லுருமை’ என்று நேராகவே சொல்லிவிடலாம். ஒரு மக்கள் கூட்டத்தில் குறைந்தது 1 விழுக்காடு அளவிலாவது காணப்படும் வேறுபாட்டையே வழக்கமாக அப்படி அழைக்கிறார்கள். இதைப் ‘பிறழ்வு’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. பிறழ்வு என்றாலே குறை என்று காதில் விழும். ‘திரிபு’ எனலாம். இந்த இடத்தில் நம் இலக்கணமே கைகொடுக்கிறது. புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். மரபணுவின் எழுத்துகளில் நிகழும் மாற்றங்களும் அதே மூன்றுதான். புது எழுத்து நுழைகிறது, ஓர் எழுத்து வேறாகிறது, இருந்த எழுத்து போய்விடுகிறது.

‘என்ராம்ப்-1’ மரபணுவைப் பாருங்கள். அது உருவாக்கும் புரதம், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் இருக்கிறது. கிருமி அடைபட்ட சிறு பையிலிருந்து இரும்பையும் மாங்கனீசையும் வெளியே இறைத்து, கிருமியைப் பட்டினி போடுவது அதன் வேலை. எலிகளில் இந்த மரபணுவை 1993-இல் அடையாளம் கண்டார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதன் 169-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் வந்துவிட்டால், அந்த எலியின் உடலில் பி.சி.ஜி. கிருமி தடையின்றிப் பெருகுகிறது. ஒரே ஒரு திரிதல்! மனிதரில் 1998-இல் காம்பியா நாட்டில் செய்த ஆய்வில், இதே மரபணுவின் வால்பகுதியில் நான்கெழுத்துக் கெடுதல் ஒன்றும் 543-ஆம் இடத்துத் திரிதலும் காசநோயோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. தொடர்பு மிதமானதுதான், எல்லா மக்களிடமும் ஒரே மாதிரி தென்படவும் இல்லை.

‘டைக்-2’ மரபணுவின் கதை இன்னும் தெளிவு. அதன் புரதத்தில் 1104-ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அலனின். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இந்தத் திரிபைப் பெற்றவருக்கு, நோயெதிர்ப்புச் செல்களுக்கிடையே தூது போகும் இன்டர்லூக்கின்-23 என்ற புரதம் அனுப்பும் செய்தி சரியாகப் போய்ச் சேராது. கிருமியைக் கொல்லச் செல்களைத் தூண்டும் காமா இன்டர்ஃபெரான் போதிய அளவு சுரக்காது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 600 பேரில் ஒருவர் இப்படி இருக்கிறார். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காசநோய் வருவதே இல்லை, கிருமியைச் சந்தித்தால்தானே! ஒரு பிரதி மட்டும் உடையவருக்கு இந்த ஆபத்து இல்லை.

ஆகவே நமக்கு வேண்டிய சொல்லுக்கு மூன்று நிபந்தனைகள். தொற்றோடு குழம்பக்கூடாது. விதி என்று ஒலிக்கக்கூடாது. எதற்கு என்ற கேள்வியை எழுப்பவேண்டும். நான் எழுதுவது ‘ஆட்படுதன்மை’. நோய்க்கு ஆளானார், நோய்க்கு ஆட்பட்டார் என்பது ஏற்கெனவே நம் வாயில் உள்ள வழக்கு. ‘ஆட்படு’ என்றாலே ‘எதற்கு?’ என்ற நான்காம் வேற்றுமை பின்னாலேயே வந்து நிற்கும்; பொத்தாம் பொதுவாக விட்டுவிட முடியாது. இன்னொன்று, இது வினைத்தொகை. ஆட்பட்ட, ஆட்படுகின்ற, ஆட்படும் என்று மூன்று காலத்தையும் உள்ளே மறைத்து வைத்திருக்கிறது. கிருமி நுழைந்து பல ஆண்டுகள் கழித்துக்கூட நோய் தலைதூக்கும் காசத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

‘பரம்பரை நோய்’ என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். கோக்குக்கு முன்னால், ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பலர் இருமி இளைத்துச் செத்ததைப் பார்த்துப் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். காற்றில் பரவுவது கிருமி. மரபில் வருவது ஆட்படுதன்மையின் ஒரு பகுதி மட்டுமே. ஊட்டக்குறைவு, எச்.ஐ.வி., நீரிழிவு, புகைப்பழக்கம், சிலிக்கா தூசு இவையும் ஒருவரை ஆட்படுத்துகின்றன. இவற்றில் பலவற்றை நம்மால் மாற்றமுடியும். ‘காசநோய்க்கான மரபணு கண்டுபிடிப்பு’ என்று தலைப்பிடுவதற்குப் பதில், ‘காசநோய்க்கு ஆட்படுதன்மையைக் கூட்டும் மரபணுத் திரிபு’ என்று போடலாம். நீளம்தான், ஆனால் யாரையும் பயமுறுத்தாது, பொய்யும் சொல்லாது.

நண்பரின் அம்மாவுடைய அறிக்கைக்கும் இதே சொல் உதவும். ‘ரிஃபாம்பிசினுக்குக் கிருமி ஆட்படும்’ என்று தமிழில் அச்சிட்டிருந்தால், யார் எதற்கு ஆட்படுகிறார் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்திருக்கும். அவர் அன்றிரவு தூங்கியிருப்பார்.