நின்றுபோன டீசல் வேன் புகை தள்ளினால்: இன்ஜினை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

2020 மார்ச் 25 ஊரடங்கோடு ஓரங்கட்டிய பள்ளி வேன்கள் பல, தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு மேலும், நவம்பரில் சின்னப் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்த பிறகுதான் சாவியைப் பார்த்தன. அந்த மாதங்களில் எங்கள் ஷெட்டில் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு இதுதான்: "அண்ணே, ஸ்டார்ட் பண்ணா தெருவே தெரியல, அவ்வளவு புகை. போர் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்னு சொல்றாங்க. இறக்கிடலாமா?" (போர் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை; அது தேய்ந்துவிட்டது என்கிறார்கள்.)

இன்றும் அதே கேள்வி வருகிறது. பங்காளித் தகராறில் நின்ற வண்டி, டியூ கட்டாமல் நின்ற வண்டி, டிரைவர் கிடைக்காமல் நின்ற வண்டி. என் பதிலும் மாறவில்லை. முதல் நாள் புகையை நம்பி இன்ஜினைத் திறக்காதீர்கள். புகையின் நிறத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அது எப்போது வருகிறது, இன்ஜின் சூடேறியதும் குறைகிறதா, கூடுகிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. நோய் அதில்தான் தெரியும்.

நான் சொல்வது பழைய இன்லைன் பம்ப் வண்டிகளுக்கு, அதாவது ஒரே பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பைப்பில் டீசல் அனுப்பும் வண்டிகளுக்கு. பழைய டெம்போ டிராவலர், டிராக்ஸில் வந்த பென்ஸ் ஓஎம் 616 வகை இன்ஜினை மனதில் வைத்து எழுதுகிறேன். காமன் ரெயில் வண்டி (எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) வைத்திருப்பவர்கள் கீழே வரும் பைப் நட் சோதனையைத் தொடவே வேண்டாம். அதில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

சாவியைத் திருப்பும் முன் ஆயில் கேஜ் கம்பியை இழுத்துப் பாருங்கள். நிறுத்தியபோது இருந்த அளவைவிட ஆயில் ஏறியிருந்தால் உள்ளே டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. வெளுத்துப்போய்க் கெட்டியாக இருந்தால் தண்ணீர். நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் கசிவாக இருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் செய்தால் சில சமயம் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். அப்போது இன்ஜினுக்குள் காற்று போகும் வாயை ஒரு பலகையால் அடைப்பதே வழி. கையை வைக்காதீர்கள். எதிரே நிற்கவும் வேண்டாம்.

அடுத்து நான்கு ஹீட்டர் பிளக்கையும் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டருக்குச் சூடு தரும் பிளக்) கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சிலிண்டரில் தண்ணீரோ டீசலோ தேங்கியிருந்தால் அந்தத் துளை வழியாக வெளியே வந்துவிடும். இதைச் செய்யாமல் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால், தேங்கிய தண்ணீர் அமுங்காது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சும்மா நின்ற வண்டிக்கு உண்மையிலேயே போர் வேலை வருவது இப்படித்தான். ஏர் ஃபில்டர் டப்பாவையும் சைலன்சர் வாயையும் பார்த்துவிடுங்கள். எலி பஞ்சு சேர்த்திருக்கும், குளவி மண் கூடு கட்டியிருக்கும்.

இனி வெள்ளைப் புகை. நின்ற வண்டியில் பத்துக்கு எட்டு இதுவாகத்தான் இருக்கும். டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது. ஓஎம் 616-இல் காற்றைச் சுமார் 21 மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பேட்டரி சோர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ரிங் ஓரமாக நழுவிவிடும், சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். டீசல் எரியாமல் ஆவியாக வெளியே வரும். கண் எரியும், புகை தரையோடு தங்கும். ஆகவே முதல் செலவு நல்ல பேட்டரி. இரண்டாவது, கழற்றிய ஹீட்டர் பிளக்குகளுக்கு நேரே கரன்ட் கொடுத்து நுனி சிவக்கிறதா என்று பார்ப்பது. ஒன்று செத்திருந்தாலும் அந்த ஒரு சிலிண்டர் வெள்ளையாகக் கக்கும்.

மூன்றாவது டீசல். டேங்க் அடியில் சேரும் தண்ணீருக்கும் மேலே இருக்கும் டீசலுக்கும் நடுவில் நுண்ணுயிர்கள் வளரும். கறுப்பாக வழுவழுவென்று வந்து ஃபில்டரை அடைப்பது அதுதான். பழைய டீசலில் புது டீசலைக் கலப்பது வீண். டேங்க்கைக் காலி செய்து கழுவி, ஃபில்டர் மாற்றி, டீசல் பைப்பில் புகுந்த ஏர் எடுங்கள். இறுகி வெடித்த ரப்பர் ஹோஸ்கள் காற்றை இழுக்கும், அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் மிஸ்ஸிங்கோடு (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டு விட்டு ஓடுவது) வெள்ளை வந்தால், ஐடிலில் ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி இறுக்க வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் தளர்த்தியதும் இன்ஜின் குரல் இறங்கும். எந்த நட்டைத் தளர்த்தும்போது குரல் மாறாமல் புகை மட்டும் குறைகிறதோ, குற்றவாளி அங்கே. பெரும்பாலும் நாசில் ஊசி ஒட்டியிருக்கும். டீசல் பம்ப் ரிப்பேர் செய்யும் பம்ப் ரூமில் டெஸ்டரில் மாட்டினால், சுமார் 115 பாரில் பனியாகச் சிதற வேண்டிய டீசல் சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வெள்ளையாக வந்து கண் எரியாமல், காற்றில் சட்டென்று கரைந்து, கொஞ்சம் இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட் ஆவி. இன்ஜின் சூடாகும் முன்பே ரேடியேட்டர் ஹோஸ் விறைத்து, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் அணைத்துவிடுங்கள். சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றுவது இங்கே நியாயம். ஹெட்டை மட்டும்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அதைக் கண்டதும் "ரிங் போச்சு" என்பார்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் அது வால்வ் சீல், இறுகிப்போயிருக்கும். அதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. லோடில் விடாமல் வந்து, ஆயில் மூடியைத் திறக்கும்போது பேக் கம்ப்ரஷன் (உள்ளிருந்து காற்றும் புகையும்) அடித்தால்தான் ரிங். அப்போதும் அவசரம் வேண்டாம். பிசின் பிடித்து ஒட்டிய ரிங், ஆயில் மாற்றி, ஆள் ஏற்றி, ஹைவேயில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் விட்டுக்கொடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் ஐடிலில் உறும விடுகிற வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சூடு போதாது, பிசின் இன்னும் சேரும்.

கறுப்புப் புகை நின்ற வண்டியில் குறைவு. அடைத்த ஏர் ஃபில்டரைத் தவிர வேறு காரணம் தேடினால், பெரும்பாலும் மனிதக் கைதான். ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாரோ பம்ப் சீலை அறுத்து டீசலைக் கூட்டியிருப்பார்கள். அதைவிட மோசம், காற்று வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பதும் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவதும். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது அது நேரம் கெட்டு வெடித்தால் பிஸ்டனே உடையும்.

புகைச் சான்றிதழுக்கும் உடனே ஓடவேண்டாம். பிஎஸ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹெச்எஸ்யு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு), பிஎஸ் 4-க்கு 50. ஆயில் 60 டிகிரியாவது சூடேறிய பிறகே சோதிக்க வேண்டும். சைலன்சரில் படிந்த கரி ஒரு நீண்ட ஓட்டத்தில் போகட்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் "இறக்கணும்" என்றால், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (காற்றை அமுக்கும்போது வரும் அழுத்தம்) கேஜ் வைத்துப் பார்த்துத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். சூடான ஓஎம் 616-இல் 22 முதல் 24 பார் வர வேண்டும். 15-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ பேசலாம். கேஜ் இல்லை, காதால் கேட்டே சொல்வேன் என்கிற ஷெட்டிலிருந்து வண்டியைக் கயிறு கட்டியாவது வேறு ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போங்கள்.