டி.என்.ஏ. சாம்ப்ளிங் – மரபிழைக் கூறெடுப்பு: சொல் விளக்கம்

வெளியிலிருந்து வந்து ஒரு தீவிலோ காட்டிலோ பெருகிவிட்ட பூனை, ஸ்டோட் (கீரியைப் போல் மெலிந்த சிறு ஊனுண்ணி), பறவைக் கூடுகளில் முட்டையையும் குஞ்சையும் தின்னும் எலி ஆகியவற்றைப் பொறியும் நஞ்சும் வைத்துக் குறைத்த பிறகு, அந்தப் பணி உண்மையிலேயே பலித்ததா என்று அறிவதற்காக, அவ்விலங்குகள் விட்டுச்சென்ற மயிர், எச்சம், உமிழ்நீர் ஆகியவற்றிலிருந்தும் பிடிபட்ட உடல்களின் திசுவிலிருந்தும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து ஆராய்வதே இங்கு ‘டி.என்.ஏ. சாம்ப்ளிங்’ எனப்படுகிறது. தமிழில் இதை ‘மரபணு மாதிரி சேகரிப்பு’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எளிதில் புரியும் தொடர்தான் என்றாலும், அதன் இரண்டு சொற்களும் பொருளைச் சற்றே நழுவவிடுகின்றன.

முதலில் ‘மரபணு’. இச்சொல் ‘ஜீன்’ என்பதற்கு உரியது, டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில், உடலுக்கு வேண்டிய புரதம் முதலியவற்றை உண்டாக்கும் குறிப்பைத் தாங்கிய பகுதியே மரபணு. ஆனால் ஒரு விலங்கை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய ஆய்வகத்தில் பெரிதும் பார்க்கப்படுபவை மைக்ரோசாட்டிலைட் என்னும் பகுதிகள். டி.என்.ஏ.வின் ‘எழுத்துகள்’ எனப்படும் வேதி அலகுகள் இரண்டு முதல் ஆறு வரை கொண்ட ஒரு துணுக்கு, பாட்டின் பல்லவி போலத் திரும்பத் திரும்ப வருவதும், எத்தனை முறை வருகிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறுவதும் இவற்றின் இயல்பு. இவற்றுட் பெரும்பாலானவை மரபணுக்களுக்கு வெளியே கிடப்பவை. ஆகவே மரபணு அல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டு ‘மரபணுச் சோதனை’ என்று எழுதுகிறோம். டி.என்.ஏ.வைத் ‘தாயனை’ என்று எழுதுவோர் உண்டு. அது ஒலியைத் தமிழ்ப்படுத்துகிறது. ‘மரபிழை’ என்பதோ பொருளையும் வடிவையும் ஒருங்கே காட்டுவதால் எனக்கு உகந்ததாகப் படுகிறது.

அடுத்து ‘மாதிரி’. ‘சாம்ப்பிள்’ என்னும் சொல், ‘வெளியே எடுக்கப்பட்டது’ என்ற அடிப்பொருள் கொண்ட ‘எக்ஸெம்ப்ளும்’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. தமிழில் ‘மாதிரி’ என்றதும் முன்னே நிற்பது ஒப்புமைப் பொருள்: மாதிரி வினாத்தாள், மாதிரிப் பள்ளி. புள்ளியியல் நூல்கள் ஆளும் ‘கூறு’ என்னும் சொல், முழுமையிலிருந்து பிரித்தெடுத்த பங்கு என்ற பொருளை நேராகத் தருகிறது. காட்டிலிருக்கும் எல்லா ஸ்டோட்டுகளையும் பார்க்க முடியாது. ஒட்டும் பட்டை வைத்த குழாய்க்குள் நுழைந்து சென்ற சிலவற்றின் மயிர்தான் கையில் கிடைக்கும். அந்த மயிரிலும் வேர் இருந்தால்தான் விலங்கைத் தனித்தறியப் போதிய டி.என்.ஏ. அகப்படும். மயிர் என்னும் கூறு, விலங்குக் கூட்டத்தின் கூறு என்ற இரண்டையும் தாங்குவதால், ‘மரபிழைக் கூறெடுப்பு’ என்பதே பொருத்தமான தமிழ் என்பது என் முடிபு.

இவ்விலங்குகளைக் குறைக்கும் பணியைக் குறிக்கும் ‘கன்ட்ரோல்’ என்னும் சொல்லின் பிறப்பு இத்துறைக்கே எழுதி வைத்தது போல் அமைந்திருக்கிறது. இடைக்கால லத்தீனில் ‘கான்ட்ராரொட்டுலுஸ்’ என்பது, ஒரு கணக்குச் சுருளைச் சரிபார்ப்பதற்காக வைத்திருந்த எதிர்ச்சுருளின் பெயர். கட்டுப்படுத்தல் என்ற பொருள் பின்னர் வளர்ந்தது. பொறியில் இத்தனை விலங்குகள் விழுந்தன என்பது ஒரு கணக்கு. விழாமல் எஞ்சியவை எத்தனை என்பதை அக்கணக்கு சொல்லாது. பொறிக்கு அஞ்சி ஒதுங்கும் விலங்கும் நடந்துகொண்டுதான் இருக்கும், எச்சமிட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்தத் தடயங்களே எதிர்ச்சுருள்.

நியூசிலாந்தில் நடந்த ஒரு நிகழ்வு இதை அருகிலிருந்து காட்டுகிறது. 2004இல் ஆய்வாளர்கள், ஆளில்லாத மோட்டுஹோரோபாபா என்னும் 9.5 ஹெக்டேர் தீவில், ரேடியோப் பட்டை கட்டிய ஒற்றை ஆண் பழுப்பெலியை வேண்டுமென்றே விட்டனர். அதைத் திரும்பப் பிடிக்க வைத்த பொறிகளுக்கெல்லாம் தப்பி, 10 வாரங்களுக்குப் பின் அது காணாமற்போயிற்று. 400 மீட்டர் கடலை நீந்தி ஒட்டாட்டா என்னும் அடுத்த தீவுக்கு அது போய்விட்டது என்பதை, அங்கே கிடைத்த எச்சத்தின் டி.என்.ஏ.தான் உறுதிசெய்தது. விடப்பட்ட 18ஆம் வாரத்தில், பென்குயின் இறைச்சி வைத்த பொறியில் அது சிக்கியது. எச்சத்தைக் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் ‘எலி இருக்கிறது’ என்று சொல்லலாமே ஒழிய, ‘அதே எலி’ என்று சொல்லியிருக்க முடியாது.

இந்த வேறுபாட்டிலிருந்தே துணைச்சொற்கள் சிலவும் தேவைப்படுகின்றன. ஒழிப்புக்குப் பின் தென்படும் விலங்கு தப்பியதா, புதிதாக வந்ததா என்று அறிய, ஒழிப்புக்கு முன்பே எடுத்துவைத்த கூறுகளோடு அதை ஒப்பிடுவார்கள்; அவற்றை ‘எச்சம்’, ‘மீள்வரவு’ என்று பிரித்துச் சொல்ல விரும்புவோர் ‘எச்சம்’ என்னும் சொல் ஏற்கெனவே கழிவைக் குறிப்பதால் ‘தப்பியவை’, ‘மீள்வரவு’ என்று கொள்வது நலம். ‘எராடிகேஷன் யூனிட்’, அதாவது மற்றவற்றோடு கலக்காததால் தனியாக ஒழிக்கத்தக்க விலங்குக்கூட்டம், என்பதும் இவ்வகையில் பிறந்ததே. தென் அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவில் பனியாறுகள் பிரித்து வைத்த எலிக்கூட்டங்கள் டி.என்.ஏ.விலும் வேறுபட்டிருந்தன, ஒன்றை ஒழித்தால் மற்றது எளிதில் அங்கே நுழையாது என்று அதனால் கணிக்க முடிந்தது. 2011 முதல் 2015 வரை பகுதி பகுதியாக நஞ்சிட்ட அத்தீவு, 2018இல் எலியற்றதாக அறிவிக்கப்பட்டது. இதற்கு ‘ஒழிப்பு அலகு’ போதும்.

இவ்வாறு பெருகிய அயல் விலங்குகளைச் சுட்டும் ‘இன்வேசிவ்’ என்பது ‘உள்ளே செல்’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘ஊடுருவும்’, ‘ஆக்கிரமிப்பு’ ஆகிய இரண்டும் தானே திட்டமிட்டு நுழைந்த குற்றத்தை விலங்கின்மேல் ஏற்றுகின்றன. நியூசிலாந்துக்கு ஸ்டோட் தானே போகவில்லை. முயலைக் குறைப்பதற்காக 1880களில் மனிதர்களே கொண்டு சென்று விட்டார்கள். எனவே ‘பெருகிய அயல் கொன்றுண்ணி’ என்பது நேர்மையான பெயர்.

கடைசியாக, மொழிபெயர்ப்பில் அடிக்கடி நேரும் ஒரு பிழை. ஆய்வக அறிக்கை ‘நாட் டிடெக்டட்’ என்று சொன்னால், அதைக் ‘கண்டறியப்படவில்லை’ என்றே எழுத வேண்டும். ‘இல்லை’ என்று எழுதக்கூடாது. மழையிலும் வெயிலிலும் கிடந்த எச்சத்தில் டி.என்.ஏ. சிதைந்திருக்கலாம். எதிர்த்திசையிலும் இதே கவனம் வேண்டும்: டாஸ்மேனியாவில் 2000களில் திரட்டிய எச்சங்களில் செந்நரியின் டி.என்.ஏ. கிடைத்ததாக முடிவுகள் வந்தபோது, அவற்றுள் சில பொய்யான நேர்முடிவுகளாக (இல்லாததை இருப்பதாகக் காட்டுபவையாக) இருக்கலாம் என்ற வாதம் அறிவியலாளரிடையே எழுந்தது. ‘டி.என்.ஏ. கிடைத்தது’ என்ற தொடரை ‘நரி வாழ்கிறது’ என்று தமிழில் மாற்றி எழுதுபவர், ஆய்வாளர் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறார்.